தாயிப் நகரத்துத் தூதுக்குழு

அரபு நாட்டின் பழைய வரலாற்றைக் கூறும் பாடநூல்கள் பெரும்பாலும் போர்க்களங்களை அடுக்கிக் காட்டும். பத்ர், உஹுது, அகழிப்போர், மக்கா வெற்றி என்று பெயர்களும் ஆண்டுகளும் வரிசையாக வரும். மாணவரும் அவற்றை நெட்டுருச் செய்து, தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு, மறுநாளே மறந்துபோவர். அப்போர்க்களங்களுக்கு இடையே வில்லும் வாளும் தோன்றாத இரண்டு சந்திப்புகள் நிகழ்ந்தன. முதலாவது ஏறத்தாழ 619ஆம் ஆண்டில் தாயிப் நகரில் நிகழ்ந்தது. இரண்டாவது, சற்றொப்பப் பதினோராண்டு கழிந்தபின் மதீனா நகரில் நிகழ்ந்தது. இரண்டிலும் எதிரெதிரே அமர்ந்தவர் அதே இருவர். ஒருவர் நபிகள் நாயகம் அவர்கள். மற்றவர் சகீப் குலத் தலைவருள் ஒருவரான அப்துயாலீல் இப்னு அம்ரு. முதற் சந்திப்பில் இழித்துப் பேசிய வாய், இரண்டாம் சந்திப்பில் சமாதானம் வேண்டி நின்றது. சமய நிந்தைக்கு ஆளான ஒருவர், ஆற்றல் கைவந்த காலத்தில் அந்நிந்தையை எவ்வாறு கணக்குத் தீர்த்தார் என்பதை அறிய விழைவோர் இவ்விரு சந்திப்புகளையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்லுவதால் கதை பாதியாகிவிடுகிறது.

தாயிப் மக்காவிற்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைநகரம். கீழே மக்கா பாறையும் வெயிலுமாகக் காய்ந்து கிடக்க, மேலே தாயிப்பில் திராட்சையும் மாதுளையும் செழித்துக் கிடந்தன. மக்காவின் செல்வர் பலர்க்கு அங்கே தோட்டங்கள் இருந்தன. அன்றியும், லாத் என்னும் பெண் தெய்வத்தின் திருத்தலம் அந்நகரில் இருந்தது. யாத்திரிகரும் காணிக்கையும் வந்து சேர்ந்த அத்தலத்தைக் காத்துவந்தவர் சகீப் குலத்தார். ஆகவே, ஒரே இறைவன் என்னும் கொள்கை அவர்கள் செவிக்குச் சமயச் செய்தியாக மட்டும் கேட்கவில்லை. அது அவர்தம் பிழைப்பையும் பெருமையையும் மக்காச் செல்வரோடு கொண்டிருந்த வாணிக உறவையும் ஒருங்கே தொட்டது. நிந்தை எங்கே பிறக்கிறது என்று ஆராயப் புகுவோர் பலர் மனித மனத்தின் கொடுமையை மட்டும் காண்பர்; அதன் அடியில் கிடக்கும் பொருளியற் காரணத்தைக் காணத் தவறுவர்.

பெருமானார்க்கு அவ்வாண்டு துயர ஆண்டு. இருபத்தைந்தாண்டுக் காலம் உடனிருந்த துணைவியார் கதீஜா நாயகி மறைந்தார். குலப் பாதுகாப்பு அளித்துவந்த பெரிய தந்தையார் அபூதாலிபும் மறைந்தார். குலத்தின் காவல் இல்லாத ஒருவனுக்கு அந்நாளைய அரபு மண்ணில் உயிர்க்கு உறுதி கிடையாது. மக்காவில் இடமில்லை என்று கண்ட அவர், சைது இப்னு ஹாரிதாவை மட்டும் உடனழைத்துக்கொண்டு தாயிப்பிற்கு மலையேறினார் என்பர். அங்கே அம்ருவின் மைந்தர் மூவரைக் கண்டு பேசினார்: அப்துயாலீல், மசூது, ஹபீப்.

மூவரும் சொன்ன மறுமொழிகளை மறைவு ஏறத்தாழ 767 எனக் குறிக்கப்படும் வரலாற்றாசிரியர் இப்னு இஷாக் பதிந்து வைத்துள்ளார். இறைவன் உன்னை அனுப்பியது உண்மையாயின் கஅபாவின் திரையை நான் கிழித்தெறிவேன் என்ற கருத்தில் ஒருவர் பேசினார். இறைவனுக்கு உன்னையன்றி வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று இன்னொருவர் எள்ளினார். மூன்றாமவரின் மறுமொழியில்தான் நஞ்சு மிகுதி. நீ மெய்யான தூதனாயின் உன்னோடு வாதிடும் தகுதி எனக்கில்லை. பொய்யனாயின் என்னோடு பேசும் தகுதி உனக்கில்லை. எனவே உன்னோடு பேசமாட்டேன் என்று அவர் கதவடைத்தார். படித்தவனின் ஏளனம் பாமரனின் வசையைக் காட்டிலும் ஆழமாக வெட்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பெருமானார் வேண்டியது ஒன்றே. நடந்ததை வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதனையும் அவர்கள் ஏற்கவில்லை. தெருச் சிறுவரையும் அடிமைகளையும் ஏவிவிட்டனர். கூச்சலும் வசையும் துரத்த, கற்கள் விழ, கால்களில் குருதி வழிய அவர் ஊரெல்லையைக் கடந்தார். தடுத்து நின்ற சைதும் தலையில் காயமுற்றார் என்பர்.

தப்பி வந்து ஒதுங்கிய இடம் ஒரு திராட்சைத் தோட்டம். அது மக்காவில் அவரைப் பகைத்துவந்த ரபீஆவின் மைந்தர் உத்பா, ஷைபா என்பவர்களுக்கு உரியது. அவர்களே நின்று கண்டு, மனம் இளகி, தம் அடிமை அத்தாஸ் வழியாக ஒரு தட்டில் திராட்சை கொடுத்தனுப்பினர். அத்தாஸ் நினிவே நகரத்துக் கிறித்தவர். இறைவன் பெயர் சொல்லிப் பழத்தில் கைவைத்தவரைக் கண்டு அவர் வியந்தார். ஊரை வினவியறிந்த பெருமானார், அது யூனுஸ் நபியின் ஊரன்றோ என்றதும் மேலும் வியந்து அவர் தலையையும் கைகளையும் முத்தமிட்டார். உத்பாவும் ஷைபாவும் பின்னர் 624இல் பத்ர் களத்தில் எதிரணியில் நின்று மடிந்தவர். எனினும் அன்றைய திராட்சைத் தட்டை முஸ்லிம் வரலாற்றாசிரியர் எவரும் மறைக்கவில்லை. பகைவன் செய்த சிறு நன்மையையும் பதிவு செய்யும் இந்நேர்மையை நம் மாணவர்க்கு நாம் சுட்டிக்காட்டலாம்.

இனி, அந்நாளைப் பற்றிப் பெருமானாரே சொன்ன செய்தி ஒன்றுண்டு. மதீனாவில் குடியேறிப் பல்லாண்டு கழிந்தபின், துணைவியார் ஆயிஷா நாயகி ஒரு வினாத் தொடுத்தார். உஹுது நாளினும் கடுமையான நாள் தங்கட்கு வாய்த்ததுண்டோ என்பது வினா. 625இல் நிகழ்ந்த உஹுதுப் போரில் பெருமானாரின் பல் உடைந்தது, முகம் கிழிந்தது, சிறிய தந்தையார் ஹம்சா கொல்லப்பட்டார். அதனினும் கொடியது உண்டென்றும், அப்துயாலீலின் வீட்டாரிடம் சென்று மறுக்கப்பட்ட நாளே அது என்றும் அவர் விடையிறுத்தார். துயரத்தில் எங்குச் செல்கிறோம் என்ற நினைவும் இன்றி நடந்ததாகவும், கர்னுத் தஆலிப் என்னுமிடத்திற்கு வந்த பின்னரே தன்னிலை உணர்ந்ததாகவும் கூறினார். அங்கே மலைகளுக்குரிய வானவர் தோன்றி, ஆணையிட்டால் இரு மலைகளையும் அம்மக்கள் மேல் கவிழ்த்துவிடுவதாகச் சொன்னார். வேண்டா, இவர்தம் வழித்தோன்றல்களிலிருந்து ஓரிறையை வணங்குவோர் பிறக்கக் கூடும் என நம்புகிறேன் என்று பெருமானார் மறுத்தார். புகாரி, முஸ்லிம் என்னும் இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது.

வானவர் வருகை நம்பிக்கைக்குரிய செய்தி. அதனை அளந்து பார்க்கும் கோல் வரலாற்று மாணவனிடம் இல்லை. அவன் காணத்தக்கது வேறொன்று. இந்நிகழ்ச்சி சொல்லப்பட்ட காலத்தில் அவர் துணையற்ற நாடோடியல்லர். படையும் ஊரும் உடைய தலைவர். தாயிப்போ இன்னும் பணியாத பகை நகரம். புண் ஆறவில்லை என்பதும் அவர் சொல்லால் விளங்குகிறது. பல் உடைந்த நாளினும் பெரிய வலியாக அதனை நினைவில் வைத்திருக்கிறார். பொறுமை என்றால் வலியே இல்லாமை என்று சிலர் எண்ணுவர். வலி முழுதும் நிற்க, அடியை மட்டும் திருப்பாமை என்பதே இங்கு நாம் காண்பது.

மக்காவிற்குத் திரும்புதலும் எளிதாக இல்லை. முஸ்லிம் அல்லாத முத்யிம் இப்னு அதீ என்னும் பெரியவர் காவல் தருவதாக ஒப்பி, ஆயுதந்தாங்கிய தம் மக்களுடன் வந்து அழைத்துச் சென்ற பின்னரே நகருள் நுழைய முடிந்தது. அந்நன்றியைப் பெருமானார் மறக்கவில்லை. பத்ர் போரில் எழுபதின்மர் அளவில் சிறைப்பட்டபோது, முத்யிம் உயிரோடிருந்து பரிந்து பேசியிருப்பாராயின் அவர் பொருட்டு அனைவரையும் விடுவித்திருப்பேன் என்றார்.

அச்சிறைக் கைதிகளுள் ஒருவரைப் பற்றி ஈண்டுச் சொல்லாமல் மேற்செல்லலாகாது. சுஹைல் இப்னு அம்ரு என்பார் குறைஷியரின் நாவலர். புதிய சமயத்தை எதிர்த்து மேடைதோறும் முழங்கியவர். அவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட்டால் இனிப் பேச்சுக் குழறும். அதற்கு ஆணை தருக என்று உமறு வேண்டினார். எவரையும் நான் உறுப்புச் சிதைக்க மாட்டேன், நபியாயினும் இறைவன் என்னைச் சிதைப்பான் என்று பெருமானார் மறுத்தார். அவர் என்றேனும் ஒருநாள் நீர் குறை கூற இயலாத நிலையில் நிற்கக்கூடும் என்றும் சொன்னார்.

பற்களோடு திரும்பிய அந்நாவலரே 628இல் ஹுதைபிய்யா ஒப்பந்தத்தை வரையக் குறைஷியரின் தூதராக வந்தார். அலி எழுத, பெருமானார் சொல்லிவந்தார். தொடக்கத்தில் இறைவனுக்குரிய அருளாளன் என்னும் அடைமொழியைச் சுஹைல் ஏற்கவில்லை; பழைய வழக்குப்படி எழுதுக என்றார். அவ்வாறே மாற்றப்பட்டது. அடுத்து, இறைவனின் தூதர் முஹம்மது என்று எழுதியதற்கும் தடை சொன்னார். தூதர் என்று நாங்கள் ஒப்பியிருந்தால் உம்மோடு போரிட்டிருப்போமா, உம் பெயரையும் தந்தை பெயரையும் மட்டும் எழுதுக என்றார். இஸ்லாத்தின் மூலமொழியில் ஒரு பாதி அச்சொல். அதனை அழிக்க அலியின் கை எழவில்லை. தோழர் கூட்டம் கொதித்தது. எழுத்தறியாத பெருமானார், அச்சொல் எங்குள்ளது, காட்டுக என்று கேட்டுத் தம் கையாலேயே அழித்தார். பத்தாண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. ஏட்டில் அழிந்த சொல்லால் தம் தூதுத்துவம் அழியாது என்னும் உறுதி உடையவர்க்கே அவ்வாறு செய்ய இயலும். உறுதி குறைந்தவரே எழுத்துக்காகப் போர் தொடுப்பர் என்பது என் கருத்து.

630 சனவரியில் மக்கா வீழ்ந்தது. இருபதாண்டு ஏசியவரும் எறிந்தவரும் நாட்டைவிட்டுத் துரத்தியவரும் தலைகவிழ்ந்து நிற்க, பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. இப்பகுதியை மேடைகளில் பேசுவோர் முழுமையாகச் சொல்லுவதில்லை. மன்னிப்பிலிருந்து பெயர் குறித்து விலக்கப்பட்ட சிலரும் இருந்தனர் என்று பழைய நூல்களே கூறுகின்றன. அவருட் பலர் பின்னர் மன்னிக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட இப்னு கதல், நிந்தைப் பாடல்களைப் பாடுவித்தவன் என்பதோடு கொலைக் குற்றமும் உடையவன். மதீனா வாழ்வின் போர்ச்சூழலிலும், பகைவரோடு கூடிப் பாட்டால் போர் மூட்டிய புலவர் கஅபு இப்னு அஷ்ரபு கொல்லப்பட்டதுண்டு. இவற்றை மறைத்துவிட்டு மன்னிப்பை மட்டும் சொன்னால், கேட்கும் மாணவன் பிறிதொரு நாள் வேறொரு நூலில் இவற்றைக் கண்டு, ஆசிரியர் சொன்னது அத்தனையும் புனைவு என்று முடிவு கட்டிவிடுவான். சேர்த்துச் சொன்னாலும் மன்னிப்பின் பக்கமே தட்டுத் தாழ்கிறது.

விலக்கப்பட்டோருள் ஒருவர் இக்ரிமா. பெரும்பகைவன் அபூஜஹலின் மகன். யமன் நோக்கி ஓடியவரை மனைவியார் உம்மு ஹக்கீம் பின்சென்று அழைத்து வந்தார். இக்ரிமா வருகிறார், அவர் முன்னிலையில் அவர் தந்தையை ஏசாதீர், இறந்தவரை ஏசுவது இருப்பவரைப் புண்படுத்துமேயன்றி இறந்தவரைச் சென்று சேராது என்று பெருமானார் தோழர்க்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார் என்பர். நிந்தையைப் பொறுத்தல் ஒருபுறமிருக்க, நிந்தித்தவனின் மகன் மனம் நோகாமல் காத்தல் எத்துணை நுட்பமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் வணங்கும் தெய்வங்களையும் ஏசலாகாது என்று குர்ஆன் ஆறாம் அத்தியாயத்தில் விலக்கியிருப்பதும் இதனோடு ஒருங்கு வைத்து நோக்குதற்குரியது.

தமிழில் பெருமானாரின் வரலாற்றைக் காப்பியமாக்கியவர் உமறுப்புலவர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் முக்காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் இயன்ற சீறாப்புராணம், மக்கா வெற்றியை எட்டுமுன்னரே நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா எனத் தொடர்ந்து பாடினார். நம்மவருட் பலர் பெரிய சீறாவை மட்டுமே பாடமாகப் பயின்றவராதலின், தாயிப்பின் முடிவுப் பகுதி தமிழ் மாணவர்க்கு அவ்வளவாக அறிமுகம் ஆகவில்லை.

மக்கா வீழ்ந்த சில வாரங்களில் தாயிப் முற்றுகையிடப்பட்டது. கல்லெறி பொறி நிறுத்தப்பட்டது. சகீப் குலத்தார் பழுக்கக் காய்ச்சிய இரும்பை மதிலின் மேலிருந்து வீசினர். முஸ்லிம் அணியில் பன்னிருவர் மாண்டனர் என்பர். கோட்டை விழவில்லை. முற்றுகை நீக்கப்பட்டபோது, சகீபியரைச் சபித்து வேண்டுங்கள் என்று தோழர் கேட்டனர். பெருமானார் கையேந்தினார்; சகீபியர்க்கு நல்வழி காட்டி அவர்களைத் தம்மிடம் கொண்டுவருக என்று வேண்டினார்.

பின் நிகழ்ந்தது மேலும் துயரமானது. சகீப் குலத்துப் பெருந்தலைவர் உர்வா இப்னு மசூது தாமே மதீனாவிற்கு வந்து இஸ்லாத்தை ஏற்றார். ஊர் திரும்பி அழைப்பு விடுக்க விரும்பினார். உம்மைக் கொன்றுவிடுவர் என்று பெருமானார் எச்சரித்தார். என் மக்கள் என்னைத் தம் தலைப்பிள்ளைகளினும் மேலாக நேசிப்பவர் என்று சொல்லிச் சென்ற உர்வா, தம் வீட்டு மேல்மாடத்தில் நின்று அழைத்தபோது நாற்புறமும் வந்த அம்புகளால் வீழ்ந்தார்.

அதன்பின் சகீபியர் அமைதி நாடியது மனமாற்றத்தால் மட்டும் அன்று. சுற்றியிருந்த குலங்கள் எல்லாம் மதீனாவோடு சேர்ந்துவிட்டன. புதிதாக முஸ்லிமான மாலிக் இப்னு அவ்பு, மேய்ச்சலுக்கு வெளிவரும் அவர்தம் மந்தைகளைக் கவர்ந்துகொண்டிருந்தார். மதிலுக்கு வெளியே தலைகாட்ட இயலாத நெருக்கடி. யாரைத் தூதனுப்புவது என்று கூடி எண்ணியபோது அப்துயாலீலைத் தேர்ந்தனர். அவரோ தனியே செல்ல அஞ்சினார். அஞ்சியது மதீனாவிற்காக அன்று. திரும்பி வருகையில் உர்வாவுக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்பதற்காக. ஆகவே வேறு ஐவரையும் உடன்கொண்டு சென்றார்.

630ஆம் ஆண்டு இறுதியில், நோன்பு மாதத்தில், அறுவரும் மதீனாவை அடைந்தனர். பெருமானார் அவர்கட்குப் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்துக் கொடுத்தார். இடையில் நின்று பேசியவர் காலித் இப்னு சயீது. பெருமானார் அனுப்பிய உணவை, காலித் முதலில் உண்டு காட்டிய பின்னரே அவர்கள் தொட்டனர். இவ்வொரு செய்தி அவர்தம் மனநிலையை எத்தனைப் பக்க விளக்கத்தினும் தெளிவாகக் காட்டுகிறது. தாம் செய்ததை அவர்கள் மறக்கவில்லை. தமக்கும் அதுவே செய்யப்படும் என்று எதிர்பார்த்தனர்.

பேரம் நெடிது நடந்தது. லாத்தின் திருத்தலத்தை மூன்றாண்டு விட்டுவைக்கக் கேட்டனர், மறுக்கப்பட்டது. இரண்டாண்டு, ஓராண்டு, இறுதியில் ஒரு திங்கள் என்று இறங்கி வந்தனர், அதுவும் மறுக்கப்பட்டது. தொழுகையிலிருந்து விலக்குக் கேட்டனர். தொழுகையில்லாத சமயத்தில் நன்மை இல்லை என்று அதுவும் மறுக்கப்பட்டது. எங்கள் கையால் எங்கள் தெய்வத்தை உடைக்க மாட்டோம் என்றனர். அது மட்டும் ஏற்கப்பட்டது. அப்பணிக்கு அபூசுப்யானும் முகீரா இப்னு ஷுஅபாவும் அனுப்பப்பட்டனர். லாத் வீழ்ந்த நாளில் சகீப் மகளிர் தலைமூடாது வெளிவந்து அழுதனர் என்பதையும் இப்னு இஷாக் எழுதத் தவறவில்லை.

இதிலிருந்து ஒன்று புலனாகிறது. கொள்கை பற்றிய இடங்களில் பெருமானார் இம்மியும் நெகிழவில்லை. அவருடைய பொறுமையை வளைந்துகொடுத்தல் என்று பொருள்கொள்வோர் இப்பேச்சுவார்த்தையைப் படித்தல் நலம். ஆனால் இத்தனை நெடிய விவரிப்பில், பதினோராண்டுக்கு முன் எறியப்பட்ட கற்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கஅபாவின் திரையைக் கிழிப்பேன் என்றவர் யார் என்னும் விசாரணை இல்லை. உர்வாவின் குருதிக்கு விலை கேட்கப்படவில்லை. அவர் விட்டுச்சென்ற கடன்களை லாத்தின் கருவூலப் பொருளிலிருந்து தீர்க்க ஏற்பாடு செய்யப்பட்டது, அவ்வளவே. அப்துயாலீல் வந்தவாறே பாதுகாப்பாகத் திரும்பினார்.

பிற்காலச் சட்ட அறிஞர் பலர், நபியை நிந்திப்போர்க்குக் கடுந்தண்டனை விதித்து நூல்கள் எழுதினர். அவர் வாழ்நாளில் மன்னித்தது அவர்க்கே உரிய உரிமை. அவர் மறைந்தபின் அவர் சார்பில் மன்னிக்க எவர்க்கும் உரிமையில்லை என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. ஹனபி நெறியினரோ, ஒப்பந்தத்தின் கீழ் வாழும் பிறசமயக் குடிமகனின் நிந்தைச் சொல் ஒன்றே அவ்வொப்பந்தத்தை முறித்துவிடாது என்று வேறுபட்டனர். இவ்வழக்கு இன்றும் பல நாடுகளில் ஓயவில்லை; உயிர்களும் போகின்றன. அதில் தீர்ப்புச் சொல்லுதல் வரலாற்று ஆசிரியனின் வேலையன்று. அவர் கையில் தண்டிக்கும் ஆற்றல் இருந்தபோது தாயிப்பிற்கு என்ன செய்தார் என்பதைச் சான்றோடு எடுத்துவைத்தல் மட்டும் அவன் கடமை.

632 சூனில் பெருமானார் மறைந்தார். அரபுக் குலங்கள் பல மதீனாவின் தொடர்பை அறுத்துக்கொண்டு எழுந்தன. மக்காவிலேயே மக்கள் தடுமாறியபோது, எழுந்து நின்று பேசி அவர்களை நிலைநிறுத்தியவர் பற்கள் பிடுங்கப்படாத சுஹைல். தாயிப்பில் அப்பணியைச் செய்தவர் உஸ்மான் இப்னு அபில் ஆஸ். தூதுக்குழுவில் வந்த அறுவருள் வயதில் இளையவர். ஏனையோர் உறங்கும் பொழுதில் சென்று மறைமொழி கற்றவர். அவ்வார்வம் கண்டு பெருமானாரே அவரைச் சகீபியர்க்குத் தலைவராக்கியிருந்தார். ஊர் கொந்தளித்தபோது அவர் தம் மக்களை நோக்கி, இம்மார்க்கத்தில் எல்லார்க்கும் பின்னே வந்து சேர்ந்தவர் நீங்கள், எல்லார்க்கும் முன்னே வெளியேறுவோர் நீங்களாக வேண்டா என்றார். தாயிப் அசையாமல் நின்றது.